முனியப்பன் இன்னும் கை கழுவவில்லை

அண்ணன் பூவரசன் பெங்களூரில் ஒரு கடையில் வேலை செய்கிறான். மலை ஏறி, காட்டில் தங்கி, சமைத்துச் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கான சாமான் கடை. அங்கே சேர்ந்த பிறகு, ஊருக்கு வரும்போதெல்லாம் உள்ளங்கை அளவுத் தராசு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவான். நகைக்கடைத் தராசு மாதிரி இருக்கும். ஒருமுறை அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, துக்கம் கேட்டவன் போல உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கடையில் ஒரு வேடிக்கை உண்டு. சாமானின் எடை குறையக் குறைய விலை ஏறும். அண்ணன் இதைச் சொன்னபோது நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோவிந்தன் மாமா மட்டும் எடுத்துக்கொண்டார்.

மாமா அம்மாவுக்குப் பெரியப்பா மகன். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தக்காளித் தோட்டம். பாலக்கோடு மண்டிக்கு ஏற்றி, ஆயுசு முழுக்க எடைக்குத்தான் காசு வாங்கியவர். அவர் மகள் மலர்விழியை அண்ணனுக்குக் கட்டுவதாக இரண்டு வீட்டிலும் பேச்சு. மலர்விழிக்கும் ஆசை, அண்ணனுக்கும் ஆசை. கடையின் விலை விவரம் காதில் விழுந்த அன்றைக்கு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லாததுக்கு ஜாஸ்தி காசு வாங்கற எடத்துல வேல பாக்கறவன், நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லாதத ஆக்கிப் போட்டு, வயிறு நெறஞ்சுதான்னு கேப்பான்."

"அதுக்கும் இதுக்கும் என்னா மச்சான் சம்பந்தம்?" என்றார் அப்பா.

"இருக்குது மாப்ளே. நான் சொல்ல வேணாம், சாமி சொல்லட்டும். ஏணிப்பாறையில இந்த வருசம் பானை உங்கூட்டு மொறதானே? பானை ஒடையட்டும். வாயிப் பக்கத்துச் சில்லு மேல பாத்து வுழுந்தா ஆவணியில தாலி. கவுந்து வுழுந்தா, உம் பையன் அந்தச் சாமானையே கட்டிக்கட்டும்."

ஏணிப்பாறை முனியப்பன் கோயிலுக்குக் காட்டு வழியில் அரை நாள் நடக்க வேண்டும். கோயில் என்றால் ஒரு பாறை, மூன்று வேல், மேலே கூரை கூடக் கிடையாது. சித்திரை அமாவாசைக்கு முறைக்காரர்கள் போய்ச் சாமைப் பொங்கல் வைப்பார்கள். இதற்குச் சில சட்டங்கள் உண்டு. பானை புதிதாக இருக்க வேண்டும். ஆக்குவதற்கு என்று மேலே போன தானியத்தில் ஒரு மணிகூடக் கீழே திரும்பக் கூடாது. எல்லாவற்றையும் அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். கடைசியில் பானையைப் பாறையில் போட்டு உடைக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் சாமி சாப்பிட்டு முடித்ததாக அர்த்தம். அதற்கு முன் யாரும் எழுந்து போகக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டு எழுந்து போவது மனிதருக்கே அவமரியாதை. முனியப்பன் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த வருடம் ஒரு சிக்கல் வந்தது. காய்ந்த காட்டில் விறகு மூட்டக் கூடாது என்று அடிவாரத்தில் பலகை வைத்துவிட்டார்கள். அப்பா இரண்டு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியோடு பெரிய மண்பானையை எப்படித் தூக்குவது என்பது இன்னொரு கவலை. அண்ணன் போனில் சொன்னான்:

"ரெண்டையும் எங்கிட்ட வுடுப்பா. வெறகும் வேணாம், பானையும் வேணாம். எல்லாத்தையும் ஒரு கையில கொண்டாரேன்."

சொன்னபடியே கொண்டுவந்தான். பித்தளை நிறத்தில் சிறு திருகாணி. அதிலிருந்து மூன்று கால்கள் வெட்டுக்கிளி போல விரிந்தன.

"என்னாடா இது?"

"அடுப்பு."

அம்மா அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள். "அடுப்பா? காதுல போடற தொங்கட்டானாட்டம் இருக்குது."

வேர்க்கடலை டப்பா அளவில் கேஸ் டப்பா இரண்டு. கடைசியாக, துணிப்பையிலிருந்து மெதுவாக ஒரு பாத்திரத்தை எடுத்தான். சாம்பல் நிறம். பெரிய டம்ளர் என்று சொல்லலாம். பிடி இரண்டும் மடங்கின.

"டைட்டானியம்," என்றான். சாமி பேரைச் சொல்வது போலச் சொன்னான். தராசில் வைத்தான். தராசு கொஞ்ச நேரம் யோசித்துத்தான் எண்ணைக் காட்டியது.

"இதுல எத்தன பேருக்குடா ஆவும்?"

"ரெண்டு பேருக்கும்மா. நாம ஏழு பேருதானே, நாலு தடவ வெச்சா ஆச்சு."

பூசாரி குள்ளன் வந்து பார்த்தார். பேர்தான் குள்ளன், எங்கள் நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "புதுசா?"

"புதுசுதானுங்க. இன்னும் தண்ணிகூட ஊத்தல."

"அப்ப சரி."

உடையுமா என்று அவர் கேட்கவில்லை. ஒரு பானையைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? நாங்களும் யோசிக்கவில்லை. அண்ணனும் யோசிக்கவில்லை. அவன் மனதெல்லாம் எடையில் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் முழுவதும் எடை போட்டான். வெங்காயத் தோல் எதற்கு மலை ஏற வேண்டும் என்று உரித்துவைத்தான். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினான். தேங்காய்க்குள் தண்ணீர் வீணாகத் தூங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னான்; அதில் ஓட்டை போடப் போனவனை அம்மா துடைப்பத்தால் தடுத்தாள். பக்கத்து மலை முனியப்பன் ஆடு கேட்பார், எங்கள் முனியப்பன் சைவம். அதிலும் அண்ணனுக்கு வருத்தம்தான். "ஆடா இருந்தா தானா நடந்து வரும். எட மிச்சம்." சாமையை இரண்டு டம்ளர் மட்டும் அளந்து ஒரு பையில் கட்டினான். வெல்லம் ஒரு உருண்டை.

காலையில் ஏழு பேரும் ஏறினோம். அப்பா, அம்மா, அண்ணன், நான், மாமா, மலர்விழி, பூசாரி. மாமாவின் மனைவி, கன்று போடப்போகும் மாட்டுக்குக் காவலாக ஊரிலேயே இருந்துவிட்டார். அண்ணன் முதுகில் பை இருப்பதே தெரியாமல் முன்னால் துள்ளிக்கொண்டு போனான். மாமா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"பெங்களூரு! மெதுவா போ. காத்து அடிச்சா பறந்துருவ."

"மாமா, உங்க மூட்டையில என்னா அவ்ளோ கனம்?"

"துண்டு."

"துண்டு கல்லாட்டம் தொங்குது?"

"ஈரத் துண்டு."

ஏணிப்பாறையில் ஊற்றுத் தண்ணீர் உண்டு. முறைப்படி வீட்டுப் பெண் ஒருத்தி ஆக்க வேண்டும். அம்மா என்னைப் பார்த்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து என் கையையே பார்ப்பார்கள் என்பதால் நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அடுப்பு பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டிருந்தது. அம்மா வேல்களுக்குப் பின்னால் நின்றாள்.

"டியூப் இல்லாத கேஸு கிட்ட நான் வரமாட்டேன். மாதையன் வூட்டுக்காரி மலையில வெடிச்சு செத்தாள்னு பேரு வேணாம்."

மாதையன் என்பது அப்பா. அப்பாவும் இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். மலர்விழி தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணனிடம் வந்தாள்.

"குடுங்க மாமா அந்தக் கரண்டிய. இது என்னா, கரண்டியா முள்ளுக்கரண்டியா?"

"ரெண்டும். எடைக்காக ஒண்ணாக்கிட்டாங்க."

"எனக்கும் உங்களுக்கும் எடைக்காக ஒரே தட்டா?"

"மலரு!" என்றார் கோவிந்தன் மாமா. அவள் கிளற ஆரம்பித்தாள்.

பொங்கல் சீக்கிரம் வெந்தது. முனியப்பனுக்கு ஒரு இலையில் படைத்துவிட்டு, மீதியை ஏழாகப் பிரித்தோம். ஆளுக்கு இரண்டு வாய். நாலு தடவைக்கும் சேர்த்து ஆளுக்கு எட்டு வாய். கடைசித் தடவையில் இரண்டு டம்ளர் சாமையும் தீர்ந்தது. அண்ணன் வெறும் பையை உதறிக் காட்டினான்.

"பாத்தீங்களா? ஒரு மணி மிச்சமில்ல."

மாமா இலையை நக்காத குறையாக வழித்துவிட்டு, "வாயி நனஞ்சுது. வயித்துக்கு எப்ப?" என்றார்.

பூசாரி எழுந்தார். "பானைய ஒடைங்க."

அண்ணன் பாத்திரத்தைக் கையில் எடுத்தான். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. முகத்தில் தெரிந்தது. மூன்று வருடமாகத் தினமும் கடைக்கு வருகிறவர்களிடம் அவன் சொல்வது ஒன்றுதான்: தூக்கிப் போட்டு மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாதுங்க.

"என்னடா நிக்கற?" என்றார் அப்பா.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கிப் போட்டான். 'டிங்' என்றது. பாத்திரம் எகிறி, இரண்டு தடவை குதித்து, உருண்டு, பாறை மேல் நேராக நின்றது.

எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

"வாய் மேலதான் பாத்துக்கிட்டு இருக்குது," என்றாள் மலர்விழி.

"ஒடஞ்சு மேல பாத்தாத்தான் வாக்கு. ஒடையாம மேல பாத்தா அது பானை. கடையிலயும் அப்பிடித்தான் நிக்கும்," என்றார் மாமா. "இப்பிடிக் குடு."

அவர் போட்டார். டிங். அப்பா போட்டார். டிங். அப்பா போட்டதில் சரிவில் உருண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது. அண்ணன் ஊர்ந்துபோய் எடுத்துவந்தான். பூசாரி பெரிய கல்லைத் தூக்கி அதன்மேல் விட்டார். பாத்திரம் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு அவர் காலடிக்கே வந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன ஒடுக்கு, அவ்வளவுதான். வெட்டுக்கத்தியால் ஒரு போடு போட்டார். கத்தியில் பல் விழுந்தது.

"இது எத்தன நாளு ஒழைக்கும்டா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"வாழ்நாள் காரண்டிப்பா."

"யாரோட வாழ்நாளு?" என்றார் மாமா.

பூசாரி கத்தியைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், முனியப்பனைப் பார்த்தார். "ஒடையலேன்னா ஒண்ணுதான் அர்த்தம். சாமிக்கு வயிறு நெறையல. இன்னொரு தடவ ஆக்குங்க."

அண்ணன் முகம் மலர்ந்தது. "சாமை தீந்துருச்சுங்களே!"

அம்மா இருமினாள். இடுப்பில் கட்டியிருந்த பழைய புடவையை அவிழ்த்தாள். உள்ளே முழுசாக ஒரு படி சாமை.

"அம்மா!"

"என்னாடா அம்மா? ஏழு பேருக்கு ரெண்டு டம்ளரு கொண்டாந்தா சாமி காறித் துப்பாது? நீ தராசத் தூக்கிட்டு வந்தா நான் இடுப்புல கட்ட வேண்டியதாப் போச்சு."

மாமா தன் ஈரத் துண்டை அவிழ்த்தார். அதிலிருந்து அச்சு வெல்லம் உருண்டது. அப்பா கூச்சத்தோடு சட்டைக்குள்ளிருந்து ஒரு பை பச்சைப்பருப்பை எடுத்தார். பூசாரியின் மடியிலிருந்துகூட ஒரு பொட்டலம் முந்திரி வந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பாறையில் சாய்ந்துவிட்டான். இத்தனை எடையும் அவனுக்குத் தெரியாமலே மலை ஏறியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் வருத்தமில்லை. பசித்தது. ஐந்தாம் ஆறாம் பொங்கல் நன்றாக இருந்தது, முந்திரி வேறு. ஒவ்வொரு பொங்கலும் முடிந்ததும் பாத்திரத்தைப் போடுவோம். டிங். பூசாரி கையைக் காட்டுவார். மலர்விழி மறுபடி தண்ணீர் ஊற்றுவாள்.

பத்தாவது பொங்கலில் மாமா இடுப்புக் கயிற்றைத் தளர்த்தினார். பதினான்காவதில் அப்பா படுத்துக்கொண்டே வாயைத் திறந்தார். அதற்குள் இன்னொரு சங்கடம் தெரிந்தது. அடிபட்டு அடிபட்டுப் பாத்திரம் உள்ளுக்குள் ஒடுங்கிக்கொண்டே வந்தது. ஒரு தடவைக்குப் பிடிக்கும் சாமை குறைந்தது. அதனால் இன்னும் அதிகத் தடவை ஆக்க வேண்டியிருந்தது. அதிகத் தடவை ஆக்கினால் அதிகத் தடவை உடைக்க வேண்டும். உடைத்தால் இன்னும் ஒடுங்கும்.

"அடிக்காதீங்கடா, அடிக்காதீங்க," என்று அப்பா படுத்தபடி கெஞ்சினார்.

"அடிக்காம எப்பிடி ஒடையும்?" என்றார் பூசாரி. ஏப்பம் விட்டார். "சாமிக்கு இன்னும் பசி."

"அது சாமி ஏப்பமுங்களா, உங்க ஏப்பமுங்களா?" என்றாள் மலர்விழி.

"இந்த வாயோட எங்கூட்டுக்கு வரப் போறா," என்று அம்மா என் காதில் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

வெயில் சாய்ந்தபோது அடுப்பின் சீறல் இளைத்தது. நீல நெருப்பு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. அண்ணன் டப்பாவை ஆட்டினான். முதல் டப்பா எப்போதோ தீர்ந்திருந்தது, இது இரண்டாவது. மடக்கிய காலோடு அடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு பிடி சாமை மிச்சம். பாத்திரம் வேலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது, ஒடுங்கிப்போய், வாய் மேலே பார்த்தபடி.

"மாமா," என்றான் அண்ணன். "இப்ப என்னா சொல்றீங்க?"

"என்னாத்த சொல்ல? பானை ஒடையல. சாமி ஆமாம்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. நானும் சொல்ல மாட்டேன்."

"எப்பத்தான் சொல்லுவீங்க?"

"ஒடையட்டும். அது வரைக்கும் எம் பொண்ணு எங்கூட்டுல. நீ பெங்களூருல."

அண்ணன் வாழ்நாள் காரண்டியை நினைத்திருப்பான். அப்படியே குந்திவிட்டான். மலர்விழி அவனைப் பார்க்கவில்லை. பூசாரியிடம் போனாள்.

"ஏனுங்க பூசாரி, நெருப்பும் இல்ல, இருட்டவும் போவுது. எழுந்து போலாங்களா, கூடாதுங்களா?"

பூசாரி ரொம்ப நேரம் யோசித்தார். வயிறு நிறைந்த யோசனை, மெதுவாகத்தான் வந்தது. "சாமி எலையில உக்காந்திருக்குது. கை கழுவல. வுட்டுட்டுப் போனா குத்தம்." மறுபடி யோசித்தார். "ஆனா ஒருத்தருக்குச் சோறு போடறப்ப, 'இருங்க, கொழம்பு எடுத்தாறேன்'னு உள்ள போறதில்லயா? அப்பிடிச் சொல்லிட்டுப் போலாம். குத்தமில்ல. ஆனா சொன்னவங்க திரும்பி வரணும்."

"யாரு சொல்லணும்?"

"பரிமாறினவங்க."

மலர்விழி ஈரக்கையைத் தாவணியில் துடைத்தாள். பாறைக்கு முன்னால் போய் நின்றாள். அந்த மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"சாமி! இருங்க. நானும் மாமாவும் போய்க் கொண்டாந்தர்றோம். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு பானை. ஒடையற வரைக்கும் வருவோம்."

சொல்லிவிட்டுத் திரும்பி, அண்ணனைப் பார்த்து, "எழுந்திரிங்க மாமா, சாமி கேட்டுருச்சு," என்றாள்.

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாக்குக் குடுத்தாச்சு. ஆக்கினவளும் வரணும், ஒடைக்கறவனும் வரணும். வேற யாரு வந்தும் பிரயோசனமில்ல."

கோவிந்தன் மாமா எழ முயன்றார். வயிறு விடவில்லை. இருந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"ஏனய்யா, கல்யாணமாவாத புள்ளய ஒரு பையனோட மாசாமாசம் காட்டுக்கு அனுப்பறதா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கும்."

"நானும் கூட வருவேன்."

"வாயேன். ஒவ்வொரு தடவையும் பொங்கல் இருக்கும்."

மாமா வயிற்றைத் தடவினார். முகம் வெளுத்துவிட்டது. "வாக்க மாத்த முடியாதா?"

"முனியப்பங்கிட்ட குடுத்ததையா?"

"அப்ப என்னாதான் பண்றது?"

"கல்யாணத்தப் பண்ணிட்டு அனுப்பு."

மாமா மலர்விழியைப் பார்த்தார். அவள் கரண்டியும் முள்ளுமான அந்தச் சாமானை அக்கறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தூங்கிவிட்டிருந்தார்.

"என்னைக் கைத்தாங்கலா தூக்கி வுடுங்க," என்றார் மாமா. "ஆவணி வரைக்கும் நேரமில்ல. அடுத்த அமாவாசைக்குள்ள முகூர்த்தம் பாக்கணும்."

மிச்சமிருந்த ஒரு பிடி சாமையைப் பாத்திரத்திலேயே போட்டு வேலடியில் வைத்தோம். எச்சில் பாத்திரத்தைக் கீழே கொண்டுவரக் கூடாதாம். அண்ணனுக்கு அதில்கூடச் சந்தோஷம். அடுத்த தடவை அந்த எடையும் மிச்சம்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சீராக மாமா ஒரு வெண்கல உருளி கொடுத்தார். இரண்டு ஆள் தூக்கி வந்து பந்தலில் இறக்கினார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்த தராசைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அமாவாசைதோறும் அண்ணன் ஓசூர் பஸ் பிடித்து வந்துவிடுவான். அவனும் மலர்விழி அண்ணியும் ஏறுவார்கள். ஒடுங்கிய அந்தப் பாத்திரத்தில் ஆவது இரண்டு பேரின் அரை வயிற்றுக்குத்தான், சாமிக்கு ஒரு பிடி போக. திரும்பி வந்ததும் மாமா வாசலில் நின்று, "ஒடஞ்சுதா?" என்று கேட்பார். "இல்லீங்க மாமா," என்பான் அண்ணன், வருத்தமாக.

ஆவணி அமாவாசைக்கு அண்ணி என்னையும் கூட்டிப் போனாள். சாப்பிட்டு முடித்தோம். நான் ஊற்றில் கை கழுவிவிட்டு வந்தபோது அண்ணன் பாறைக்குக் கீழே குந்தியிருந்தான். பாத்திரத்தை உடைக்கக் கல் தேடுகிறான். நெல்லிக்காய் அளவில் இரண்டைப் பொறுக்கியிருந்தான். பையிலிருந்து தராசை எடுத்து முதல் கல்லை வைத்தான், எண்ணைப் பார்த்தான். அடுத்ததை வைத்தான்.

"ஆச்சுங்களா?" என்று அண்ணி குரல் கொடுத்தாள். "சாமிகிட்ட சொல்லிட்டுக் கெளம்பலாம்."

"இரு," என்றான் அண்ணன். இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, இரண்டில் எடை குறைந்த கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தான்.